ஓர் எழுத்து விடுபட்ட காசு

2024 ஒக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பத்துச் சதக் காசு ஏலத்துக்கு வந்தது. 506,250 டொலருக்குப் போனது. தங்கக் காசு இல்லை, வெள்ளிக் காசும் இல்லை. நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த மெல்லிய தகடு. ஒரு பக்கத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்டின் தலை, கழுத்தடியில் 1975 என்ற ஆண்டு. அந்த ஆண்டுக்கு மேலே 'எஸ்' என்ற ஒரேயொரு எழுத்து இருந்திருக்க வேண்டும். இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கட வட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியைப் போட்டபோது வந்த முதல் பதில், "இவங்களுக்கு விசர்." இரண்டாவது பதில், "என்ர லாச்சியிலயும் கொஞ்சம் சில்லறை கிடக்கு, எடுத்துப் பாப்பம்." இரண்டும் நியாயமான பதில்கள்தான். ஆனால் இந்தக் காசைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கியபோது எங்களை இழுத்துக்கொண்டு போனது விலை இல்லை. பிழையில்லாத காசில் அரசு மட்டும்தான் தெரியும்: தலைவரின் முகம், நாட்டின் பெயர், ஆண்டு. பிழை விழுந்த காசில்தான் அதைச் செய்த தொழிலாளியின் கை தெரிகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒருவர் ஒரு சுத்தியலைத் தூக்க மறந்தார் என்பதை நாங்கள் இன்றைக்கும் அறிவது அப்படித்தான்.

அந்தக் காசு கடையில் மிச்சக் காசாக வந்த ஒன்றல்ல. அது ஒரு 'புரூஃப்' நாணயம். அச்சகங்களில் 'புரூஃப் பாக்கிறது' என்று சொல்வோமே, அதே சொல்தான். புதிய அச்சு சரியாக இருக்குதா என்று பார்ப்பதற்காகக் கவனமெடுத்து அடித்துப் பார்க்கும் மாதிரிக் காசைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். பிறகு அந்த மாதிரிக் காசுகளின் அழகில் மயங்கிய சேகரிப்பாளர்களுக்காகவே தனியாக அடித்து விற்கத் தொடங்கினார்கள். உருக்கு அச்சைக் கண்ணாடி போல மினுக்குவார்கள். அடிபடப்போகும் வெற்று வில்லையையும் மினுக்குவார்கள். சாதாரணக் காசுக்கு ஓர் அடி போதும். இதற்குக் குறைந்தது இரண்டு அடி, மெதுவாக, கூடுதல் அழுத்தத்தோடு. கடைசியில் வருவது, பின்னணி முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் உருவம் வெண்பனி படர்ந்தது போலவும் இருக்கும் ஒரு காசு. அதைப் பெட்டியில் அடைத்து விற்பார்கள்.

விலையைப் பாருங்கோ. 1964இல் ஒரு சதம், ஐந்து சதம், பத்துச் சதம், கால் டொலர், அரை டொலர் என ஐந்து காசு கொண்ட ஒரு புரூஃப் செட் 2.10 டொலர். உள்ளே இருக்கும் காசின் பெறுமதி மொத்தம் 91 சதம். 1968இல் அதே 91 சதத்துக்கு விலை 5 டொலர். ஆக, சேகரிப்பாளர் மேலதிகமாகக் கொடுக்கும் பணம் எதற்கு? குறையே இல்லை என்ற உத்தரவாதத்துக்கு. அப்படி விற்கப்பட்ட பெட்டிக்குள்ளேயிருந்து வந்த பிழைதான் இன்றைக்கு அரை மில்லியன் டொலருக்குப் போகிறது.

அந்த 'எஸ்' எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேணும். அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாணயசாலைகள் இருக்கின்றன. எந்தக் காசு எங்கே அடிபட்டது என்று தெரிவதற்காகச் சின்ன எழுத்தொன்று போடுவார்கள். டென்வருக்கு 'டி', சான் பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்'. தலைமை நாணயசாலையான பிலடெல்பியா தன் காசுகளுக்கு நெடுங்காலம் எழுத்தே போட்டதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஐந்து சதக் காசு மட்டும்தான் விலக்கு. 1964 வரைக்கும் புரூஃப் காசுகள் பிலடெல்பியாவில்தான் அடிபட்டன, எனவே அவற்றிலும் எழுத்து இல்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் கடுமையான சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. 1965 முதல் மூன்று ஆண்டுகள் புரூஃப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள், எல்லாக் காசிலிருந்தும் நாணயசாலை எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். 1968இல் இரண்டும் திரும்பி வந்தபோது புரூஃப் வேலை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறியிருந்தது. அப்போதுதான் புரூஃப் காசில் 'எஸ்' வந்தது.

ஆனால் அச்சுகள் செய்யும் பட்டறை பிலடெல்பியாவை விட்டுப் போகவில்லை. முதலில் சிற்பி ஒரு பெரிய மாதிரி செய்வார். அதைப் பார்த்துப் பார்த்துச் சிறிதாக்கி உருக்கில் வெட்டும் ஓர் இயந்திரம் உண்டு. அதிலிருந்து முதன்மை அச்சு, அதிலிருந்து வேலை அச்சுகள் என்று பல தலைமுறைகளாகப் பிள்ளை பெற்றுக்கொண்டு போகும். இந்த வழியில் பிறக்கும் ஒவ்வொரு வேலை அச்சும் எழுத்தில்லாமல்தான் பிறக்கும். அதன் பிறகு ஒருவர் அந்த அச்சை மேசையில் வைத்து, நுனியில் 'எஸ்' செதுக்கிய சிறு உருக்குக் குச்சியொன்றைச் சரியான இடம் பார்த்துப் பிடித்து, சுத்தியலால் தட்டுவார். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியாக, கையால். விண்வெளிக்கு ஆட்களை அனுப்பிய நாடு தன் காசில் ஊர் எழுத்தைப் போட்டது இப்படித்தான்.

எழுத்து தலைகீழாகவோ இரண்டு தரமோ விழுந்தால் பார்த்தவுடன் பிடிபடும். எழுத்தே போடாவிட்டால்? அந்த அச்சில் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. பிலடெல்பியாவின் சொந்த அச்சு எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கும். இல்லாத ஒன்றைக் காண்பதற்கு, அது இருக்க வேண்டிய இடம் எது என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேணும், அதோடு அந்த நேரத்தில் அது நினைவிலும் இருக்க வேணும். பெட்டி பெட்டியாக அச்சுகளைப் பார்க்கிற ஒருவருக்கு அது எவ்வளவு கடினம் என்று, ஒரு சஞ்சிகைக்கு மெய்ப்பு பார்த்த எவருக்கும் விளங்கும்.

தொடங்கிய ஆண்டிலேயே வழுக்கியது. 1968 பத்துச் சதத்தில் 'எஸ்' இல்லாத மிகச் சில காசுகள் வெளியே வந்தன. 1970இல் மீண்டும் பத்துச் சதம். நாணயசாலையின் கணிப்பின்படி சுமார் 2,200 காசுகள். 1971இல் ஐந்து சதம், 1,655 காசுகள். 1975இல் நாங்கள் மேலே சொன்னது. 1983இல் திரும்பவும் பத்துச் சதம். பத்துச் சதம்தான் அமெரிக்கக் காசுகளிலேயே விட்டத்தில் சிறியது, அதில் அந்த எழுத்து ஒரு புள்ளி அளவு. கண்ணைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

1975இல் 2,845,450 புரூஃப் செட்கள் விற்கப்பட்டன. அவ்வளவுக்குள்ளும் எழுத்தில்லாத பத்துச் சதங்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் கலிபோர்னியாவில் ஒரே சேகரிப்பாளர் வாங்கிய ஐந்து செட்களுக்குள் இருந்தன. அதையும் அவர் கண்டுபிடித்தது 1977இல், அதாவது இரண்டு வருஷம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்தக் காசுகள் ஏழு டொலர்ப் பெட்டிக்குள் சும்மா கிடந்தன.

எழுத்து விடுபடுவது கையின் பிழை. உருக்குக்கும் தன் பாட்டில் ஒரு பிழை உண்டு. அச்சு உடைவதைச் சொல்கிறோம்.

அச்சைச் சூடாக்கிக் குளிர வைத்து உரமேற்றுவார்கள். அப்போதுதான் அது அடியைத் தாங்கும். ஆனால் உரம் ஏற ஏற உருக்கு நொய்மையாகும், வளையாது, வெடிக்கும். டொன் கணக்கான அழுத்தம் திரும்பத் திரும்ப விழும்போது எழுத்துகளின் கூரான மூலைகளிலோ விளிம்பிலோ மயிரளவு வெடிப்பொன்று தொடங்கும். அடுத்த காசு அடிபடும்போது, அந்த அழுத்தத்தில் வில்லையின் உலோகம் பிசைந்த மா போல ஓடி அந்த வெடிப்புக்குள்ளும் புகும். காசில் அது ஒரு மெல்லிய கோடாக மேலெழுந்து நிற்கும். வெடிப்பு வளர வளரக் கோடும் தடிக்கும். கடைசியில் அச்சின் விளிம்பில் ஒரு துண்டு கழன்றே போய்விட்டால், காசில் அந்த இடத்தில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை, ஒரு மொட்டை மேடுதான். சேகரிப்பாளர்கள் அதைக் 'கட்' என்கிறார்கள். அப்படிப்பட்ட காசைத் திருப்பிப் பார்த்தால், மேட்டுக்கு நேர் பின்பக்கமும் மங்கலாக இருக்கும். ஏனென்றால் அங்கே நிரம்ப வேண்டிய உலோகம் ஓட்டைக்குள் ஓடிவிட்டது. லாச்சியைத் திறக்கப்போகும் நண்பருக்கு ஒரு குறிப்பு: கோடு மேடாக இருந்தால் அது அச்சின் வெடிப்பு. பள்ளமாக இருந்தால் யாரோ காசைச் சுவரில் தேய்த்திருக்கிறார்கள்.

இந்த வெடிப்புகள் வரலாறு எழுதுகிற ஆட்களுக்குப் பெரிய உதவி. ஒரே அச்சில் அடிபட்ட இருபது காசுகள் கையில் இருந்தால், வெடிப்பின் நீளத்தை வைத்து எது முதலில் அடிபட்டது, எது பிறகு அடிபட்டது என்று வரிசைப்படுத்தலாம். திகதி போடாத பழைய நாணயங்களுக்குக்கூட இந்த முறையில்தான் காலவரிசை கட்டுகிறார்கள். 1804ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சதம் இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு திகதியிட்ட சதங்கள் எல்லாம் ஒரே சோடி அச்சில் அடிபட்டவை. முதலில் வந்தவை முழுமையாக இருக்கும். பிறகு 'லிபர்ட்டி' என்ற சொல்லின் கடைசி எழுத்துகளுக்கு மேலே விளிம்பு உடைந்தது. அடுத்த பக்கத்திலும் 'அமெரிக்கா' என்ற சொல்லுக்கு மேலே உடைந்தது. அதற்குப் பிறகும் அடித்தார்கள். நல்ல உருக்குக்கும் அச்சு வெட்டத் தெரிந்த ஆட்களுக்கும் தட்டுப்பாடான காலம். உடைந்த அச்சை எறிய அந்த இளம் நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு நாட்டின் வறுமையை அதன் காசின் விளிம்பிலேயே வாசிக்கலாம் என்பது எங்களுக்குப் புதிதாக இருந்தது.

புரூஃப் அச்சின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. சாதாரண அச்சு லட்சக்கணக்கான காசுகள் அடிக்கும். புரூஃப் அச்சைச் சில ஆயிரத்தோடு ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். உடையும் வரைக்கும் விடமாட்டார்கள், அதனால் புரூஃப் காசில் பெரிய உடைவுகள் மிக அரிது. ஆனால் உடைவு பற்றிய பயமே ஒரு பிழையைப் பெற்றெடுத்த கதையொன்று இருக்கு.

1960இல் ஒரு சதக் காசின் ஆண்டை முதலில் சிறிய இலக்கங்களில் வெட்டினார்கள். அந்தப் பூச்சியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. காசில் பூச்சியம் மேடு என்றால் அச்சில் அது ஒரு வளையப் பள்ளம். நடுவில் தனித்து நிற்பது ஒரு சின்ன உருக்குத் தூண். அடிபட அடிபட அந்தத் தூண் முறிந்துவிடும், பூச்சியம் வெறும் பொட்டாகிவிடும். இதற்காகத்தான் ஆண்டின் நடுவிலேயே இலக்கங்களைப் பெரிதாக்கி மாற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது. மாற்றம் நடந்தபோது பட்டறையில் பழைய மூல உருவும் கிடந்தது, புதியதும் கிடந்தது. அந்தக் காலத்தில் மூல உருவை அச்சில் ஒரே தரத்தில் அழுத்தி முடிக்க முடியாது. ஒருதரம் அழுத்தி, உருக்கைச் சூடாக்கி இளக்கி, திரும்ப அதே இடத்தில் பொருத்தி அழுத்துவார்கள். சில புரூஃப் அச்சுகளுக்கு முதல் அழுத்தம் ஓர் உருவிலிருந்தும் அடுத்த அழுத்தம் மற்றதிலிருந்தும் விழுந்துவிட்டது. அதனால் பெரிய 1960க்குக் கீழே சிறிய 1960, சிறியதுக்குக் கீழே பெரியது என்று இரண்டு விதமாகவும் காசுகள் இருக்கின்றன. மேசையில் அடுத்தடுத்துக் கிடந்த இரண்டு உருக்குத் துண்டுகளில் எதை எடுத்தோம் என்று பார்க்காமல் எடுத்த ஒரு கணம். கண்ணாடி போல மினுக்கிய புரூஃபில் அந்தக் கணம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. மினுக்கம் எதையும் மறைக்காது.

இதே முறையில் பிறந்த மிகப் புகழ்பெற்ற பிழை புரூஃபில் வந்ததல்ல. இருந்தாலும் அதைச் சொல்லாமல் போக முடியாது. 1955இல் பிலடெல்பியாவில் ஒரு சத அச்சொன்று இரண்டாம் அழுத்தத்தில் சற்றுத் திரும்பிவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் இரட்டை இரட்டையாக, தலை சுற்றுபவருக்குத் தெரிவது போல விழுந்தன. பரிசோதகர் கண்டுபிடித்தபோது நாற்பதாயிரம் வரை அடிபட்டுவிட்டது. அதில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை ஏற்கெனவே நல்ல காசுகளோடு கலந்துபோயின. முழுக் குவியலையும் உருக்குவதா, விடுவதா? விட்டுவிட்டார்கள். ஒரு சதம்தானே. அப்போது சிகரெட் பெட்டி 23 சதம்; தன்னியக்க இயந்திரம் கால் டொலர்க் காசுதான் வாங்கும். அதனால் மிச்சம் இரண்டு சதத்தைப் பெட்டியின் கண்ணாடித் தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். நியூயோர்க், மசாசூசெட்ஸ் பக்கம் சிகரெட் வாங்கியவர்களின் கைக்கு இந்த இரட்டைச் சதங்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. ஒரு சதக் காசை விடலாம் என்று முடிவெடுத்த அதே நிறுவனம், புரூஃப் என்று வந்தால் ஒவ்வொரு காசையும் தேடிப் பிடித்து அழிக்கப் பார்க்கும்.

அப்படித் தேடிய ஓர் ஆண்டு 1990. 1985 முதல் புரூஃப் காசுகளுக்கு 'எஸ்' எழுத்தை முதன்மை அச்சிலேயே வைத்துவிட்டார்கள். இனி அதன் பிள்ளைகள் எல்லாம் எழுத்தோடுதான் பிறக்கும், சுத்தியல் தேவையில்லை, மறதிக்கும் இடமில்லை. ஐந்து வருஷம் ஒரு சிக்கலும் இல்லை. 1990இல் எழுத்தில்லாத புரூஃப் ஒரு சதம் வெளியே வந்தது. எப்படி? பிலடெல்பியாவின் சாதாரண ஒரு சத அச்சில் அப்போதும் எழுத்து இல்லை. அப்படியான சாதாரண அச்சொன்றை யாரோ புரூஃப் அச்சென்று நினைத்து எடுத்து, மினுக்கி, பூட்டிவிட்டார்கள். 3,700 காசுகள் அடிபட்டன. 145ஐ நாணயசாலையே பிடித்து அழித்தது. மிச்சம் 3,555 பெட்டிகளுக்குள் போய்விட்டது.

எங்களுக்குப் பிடித்த பிழை இதுதான். தொழில்நுட்பம் கையின் பிழையை ஒழித்துவிட்டது என்று இன்றைக்கும் எத்தனை பேர் சொல்லக் கேட்கிறோம். இங்கே நடந்தது, பிழை எழுத்து வெட்டும் மேசையிலிருந்து எழும்பி அச்சு அடுக்கும் அலுமாரிக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். பிரித்தானியாவிலும் கிட்டத்தட்ட இதே போல ஒன்று நடந்தது. 1982இல் இரண்டு பென்ஸ் காசில் இருந்த 'நியூ பென்ஸ்' என்ற சொல்லை 'டூ பென்ஸ்' என்று மாற்றினார்கள். ஆனால் 1983இல் சேகரிப்பாளர்களுக்காகச் செய்த செட்கள் சிலவற்றில் பழைய 'நியூ பென்ஸ்' அச்சு புகுந்துவிட்டது. இலங்கைக்கும் எத்தனையோ காசு அடித்துத் தந்த அதே அரச நாணயசாலைதான். பழைய அச்சு எங்கேயோ ஒரு தட்டில் இருந்திருக்கு, யாரோ எடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்த அரை மில்லியன் டொலர் யாருக்குப் போனது? அந்தக் காசை ஒஹாயோவைச் சேர்ந்த ஒரு குடும்பம் 1978இல் 18,200 டொலர் கொடுத்து வாங்கியிருந்தது. பால் பண்ணை வைத்திருந்தவர்கள். தாயும் மகனும் சேர்ந்து, கஷ்டகாலத்துக்கு உதவும் என்று வாங்கி, வங்கிப் பெட்டகத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். மகன் இறந்த பிறகு அவருடைய மூன்று சகோதரிகளுக்கு அது வந்து சேர்ந்தது. எங்கட அம்மம்மாக்கள் இரண்டு சோடி காப்பைப் பெட்டியில் வைத்திருந்தது போல, அவர்களுக்கு ஒரு பத்துச் சதம். இருக்கும் இரண்டில் மற்றது 2019இல் 456,000 டொலருக்குப் போனது. விற்றவர், வாங்கியவர், ஏலக் கொம்பனி என்று எல்லாருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1975இல் பிலடெல்பியாவில் அந்த அச்சை மேசையில் வைத்தவருக்குப் பெயரே இல்லை. அவர் சரியாகச் செய்த ஆயிரக்கணக்கான 'எஸ்' எழுத்துகளுக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு சதம்கூட வந்திருக்காது. செய்யாமல் விட்ட ஒன்று மட்டும்தான் அருங்காசாகியிருக்கு.

இந்தக் கணக்கை நாணயசாலைக்குள் இருந்தவர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே விளங்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. காசைத் தேடுகிற பணக்காரர்கள் வெளியே இருக்கிறார்கள், அச்சு உள்ளே இருக்குது. 1858 அளவில் பிலடெல்பியா நாணயசாலைக்குள்ளேயே 1804 என்று ஆண்டிட்ட வெள்ளி டொலர்கள் களவாக அடிக்கப்பட்டு வெளியே விற்கப்பட்டன. 1912ஓடு நிறுத்தியிருக்க வேண்டிய பழைய ஐந்து சத வடிவத்தில் 1913 என்று ஆண்டு போட்ட ஐந்து காசுகள் இருக்கின்றன. முன்பு நாணயசாலையில் வேலை செய்த சாமுவேல் பிரவுன், அப்படியான காசுகளை வாங்கத் தயார் என்று 1919இல் பத்திரிகையில் விளம்பரம் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு தானே கொண்டுவந்து காட்டினார். விளம்பரத்தை வாசித்தவர்கள் சிரித்தார்களா என்று தெரியாது; நாங்கள் சிரித்தோம். அந்த ஐந்தில் புரூஃப் தரத்தில் இருக்கும் ஒன்று 2018இல் 4,560,000 டொலருக்கு விற்கப்பட்டது.

சேகரிப்பாளர்கள் பொதுவாக இரண்டையும் ஒரே அலுமாரியில்தான் வைக்கிறார்கள், மறதியில் பிறந்ததையும் களவில் பிறந்ததையும். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. மறதியில் பிறந்த காசு ஒரு வேலைநாளின் களைப்பைக் காட்டுகிறது. மற்றது ஒரு பேரத்தைக் காட்டுகிறது. இரண்டும் வரலாறுதான், ஆனால் ஒரே வரலாறு இல்லை. சிக்கல் என்னவென்றால் சில காசுகளில் எது எது என்று பிரிப்பது கடினம். 1960களின் கடைசியிலும் 1970களிலும் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த விசித்திரமான புரூஃப் பிழைகள் நிறைய இருக்கின்றன. ஒரு காசின் அச்சு இன்னொரு காசின் வில்லையில் விழுந்தது, ஒரே காசில் பல தரம் அடி விழுந்தது என்று. பாரம் தூக்கும் வண்டிகளைத் திருத்த வெளியே அனுப்பும்போது அவற்றின் எண்ணெய்த் தட்டுகளுக்குள் ஒளித்துக் கடத்தினார்கள் என்ற கதை சேகரிப்பாளர்களிடையே இன்றைக்கும் உலாவுகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு கால் டொலர் இருக்கு. சான் பிரான்சிஸ்கோவின் 1970ஆம் ஆண்டுப் புரூஃப், 'எஸ்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அது அடிபட்ட வில்லை மட்டும் வில்லை இல்லை. 1941ஆம் ஆண்டின் கனேடிய இருபத்தைந்து சதம், வெள்ளிக் காசு. இருபத்தொன்பது வருஷம் பழைய வேறொரு நாட்டுக் காசு, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் புரூஃப் இயந்திரத்துக்குள் தானாக நடந்து போகாது. கேட்பாரற்று விடப்பட்ட ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து கலிபோர்னியா மாநில அரசு ஏலம் விட்ட பொருட்களுக்குள் அது இருந்தது. அமெரிக்க இரகசியச் சேவை வாங்கிப் பரிசோதித்து, வைத்திருக்கலாம் என்று திருப்பிக் கொடுத்தது. இப்போது அது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. தலைப்பக்கத்தில் வொஷிங்டன். காசைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தைக் கவனமாகப் பார்த்தால், அமெரிக்க எழுத்துகளுக்கு இடையில் 1941 என்ற இலக்கங்கள் இன்னும் முழுதாக நசுங்காமல் நிற்பது தெரியும்.